பின் டிரம்மா, டிஸ்க்கா? பழைய காரில் கை வைக்கும் முன்

பழைய காரை வாங்கி, எஞ்சினைச் சரிசெய்து, பெயின்ட் அடித்து, சீட் தைத்து முடித்தவர்கள் அடுத்து யோசிப்பது பிரேக்கைப் பற்றித்தான். முன்சக்கரத்தில் ஏற்கெனவே டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்) இருந்தால் கண் நேராகப் பின்சக்கரத்துக்குப் போய்விடும். பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் கார் இன்னும் சீக்கிரம் நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். சில கார்களில் அது உண்மை. பல கார்களில் செலவும் அலைச்சலும்தான் மிஞ்சும், கூடவே சரியாகப் பிடிக்காத ஒரு ஹேண்ட்பிரேக்கும்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சாலையில் ஓடும் பழைய காருக்கு, பின் டிரம்மை (சக்கரத்தோடு சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து பிடிக்கும் பிரேக்) ஒழுங்காகப் புதுப்பிப்பதுதான் முதல் தேர்வு. டிஸ்க்குக்கு மாற அதற்கென்று ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

நம் முன் இருக்கும் வழிகள் இவை: இருக்கிற டிரம்மைப் புதுப்பிப்பது, டிரம்மாகவே வைத்துக்கொண்டு அதை மேம்படுத்துவது, அதே கம்பெனியின் பிந்தைய மாடலில் வந்த டிஸ்க் ஆக்சிலையோ அதன் பாகங்களையோ பொருத்துவது, கடையில் கிடைக்கும் மாற்று கிட் வாங்கிப் போடுவது. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பின்பக்கத்தை விட்டுவிட்டு அதே பணத்தை வேறு இடத்தில் போடுவது.

பின்சக்கரத்துக்கு எவ்வளவு வேலை?

1,000 கிலோ எடையுள்ள ஒரு கார். நிற்கும்போது முன் அச்சில் 550 கிலோ, பின் அச்சில் 450 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில். இந்தக் கார் 0.8 ஜி அளவுக்கு, அதாவது காய்ந்த சாலையில் டயர் கீச்சிடும் அளவுக்கு, பிரேக் பிடித்தால் சுமார் 176 கிலோ பின்னிருந்து முன்னுக்கு நகர்ந்துவிடும். பின் அச்சில் மிஞ்சுவது 274 கிலோ. அதாவது நிறுத்தும் வேலையில் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து செய்யக்கூடியது 27 சதவீதம்தான். அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் லாக் ஆகும், அதாவது சுழலாமல் சறுக்கும். டிஸ்க்காக இருந்தாலும் அப்படித்தான், டிரம்மாக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, நிற்கும் தூரம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை 0.8 ஜி அளவில் நிறுத்தினால் சுமார் 49 மீட்டர் ஆகும். இந்தக் கணக்குக்கு வேகமும், டயர் சாலையைப் பிடிக்கும் பிடியும் போதும். டிஸ்க்கா டிரம்மா என்ற கேள்வியே இதில் வராது. இப்போதுள்ள பிரேக்கே நான்கு சக்கரத்தையும் லாக் ஆகும் எல்லைக்குக் கொண்டுபோகிறது என்றால், பின்னால் டிஸ்க் போட்டு ஒரே ஒரு முறை நிறுத்தும் தூரத்தைக் குறைக்க முடியாது. நல்ல டயர் குறைக்கும்.

சூட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் டிஸ்க் பக்கம் பேசுபவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான். அந்த 1,000 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோஜூல். பின்பக்கப் பங்கை இரண்டு டிரம்முக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 53 கிலோஜூல் வரும். டிரம் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரு முறை அழுத்தி நிறுத்துவதில் அது சூடேறுவது சுமார் 23 டிகிரி. பின் டிரம்முக்கு இது ஒன்றுமே இல்லை.

மலை இறக்கத்தில் கதை வேறு. 500 மீட்டர் உயரத்திலிருந்து அதே கார் இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் 4,900 கிலோஜூலுக்கு மேல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று முறை தொடர்ந்து நிறுத்தியதற்குச் சமம். எஞ்சின் பிரேக்கிங்கும் காற்றுத் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும் மீதி பிரேக்குக்குத்தான் வருகிறது. டிரம்முக்குள் பிறந்த சூடு வெளியேற வழி குறைவு. சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனால் பெடல் கீழே போகும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் உராய்வும் குறையும். ஃபேட் என்று சொல்வது இதைத்தான். திறந்த காற்றில் சுழலும் டிஸ்க்கோ சூட்டை வேகமாக வெளியேற்றும். சூட்டில் அது தடிமனானாலும் பேடை நோக்கித்தான் விரியும், விலகாது. ஆக, டிஸ்க்கின் உண்மையான பலம் திரும்பத் திரும்ப அழுத்தும்போது தெரிவது. ஒரே முறை அழுத்துவதில் அது தெரியாது.

கம்பெனிகள் என்ன செய்தன?

1953 லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் சி டைப் டன்லப் டிஸ்க் பிரேக்குடன் ஜெயித்ததும் எல்லோருடைய பார்வையும் டிஸ்க் பக்கம் திரும்பியது. ஆனாலும் சாலைக் கார்களில் டிஸ்க் முன்னால்தான் முதலில் வந்தது. 1955-இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி கடைசி வரை பின் டிரம்மோடுதான் வெளிவந்தது. டாட்சன் 240இசட் போன்ற வேகமான ஸ்போர்ட்ஸ் காரிலும் பின்னால் அலுமினிய டிரம்தான். மறுபக்கம், 1961 ஜாகுவார் இ டைப், 1965 கார்வெட், 1966-இல் வந்த ஃபியட் 124, வால்வோ 140 எல்லாம் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வைத்தன. ஆகவே அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு டிஸ்க் தெரியாததால் டிரம் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. எடை, வேகம், விலை, ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

இன்றைய உதாரணம் ஒன்று: ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் காரில் பின்னால் டிரம் பிரேக். மின்மோட்டாரே பெரும்பாலான வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும்; மூடிய டிரம்முக்கு அந்தத் தொல்லை குறைவு. மாதத்துக்கு ஓரிரு முறை வெளியே எடுக்கும் பழைய காரின் பின் பிரேக்கும் ஏறக்குறைய இதே நிலைமையில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதல் வழி: டிரம்மைப் புதுப்பிப்பது

"என் கார் டிரம் பிரேக் பிடிக்கவே இல்லை" என்று சொல்லப்படும் கார்களில் பாதிக்கு மேல் டிரம் பிரேக்கின் குற்றம் இல்லை, பராமரிப்பின் குற்றம் என்பது என் எண்ணம். ஒழுங்கான டிரம் எப்படிப் பிடிக்கும் என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். ஈரமாக்கித் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தகுந்த முகமூடி அவசியம்.

டிரம்மின் உள்விட்டத்தைப் பல இடங்களில் அளக்க வேண்டும். வட்டம் கோணியிருக்கலாம், வாய்ப்பக்கம் அகன்றிருக்கலாம். லேத்தில் கடையலாம், ஆனால் டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. கடைந்த பிறகு டிரம்மின் வளைவு மாறிவிடுவதால் புது ஷூவின் வளைவு அதோடு ஒட்டாது. ஷூவின் நடுப்பகுதியோ முனைகளோ மட்டும் உரசும். லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி அரைத்துக் கொடுக்கும் பட்டறைகள் முன்பு நிறைய இருந்தன, இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடுவது வீண் போகாது. பெடல் கல் மாதிரி உறுதியாக இருப்பதற்கும் பஞ்சு மாதிரி அமுங்குவதற்கும் பல சமயம் இந்த ஒரு வேலைதான் வித்தியாசம்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் புதிதாகவே போடுங்கள். உள்ளே குழி விழுந்த சிலிண்டருக்கு வாஷர் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். பேக் பிளேட்டில் ஷூ சறுக்கும் மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். வெல்டிங் வைத்துச் சமப்படுத்தி, மிகக் கொஞ்சமாக உயர்வெப்ப கிரீஸ் தடவ வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள், அட்ஜஸ்டர், ஆக்சில் ஆயில் சீல் எல்லாவற்றையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. ஆக்சில் ஆயில் பட்ட லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ரப்பர் ஹோஸ் தனிக் கதை. வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அழுத்தும்போது பிரேக் ஆயில் போகும், விடும்போது திரும்பாது. சக்கரம் பிடித்தபடியே சுற்றும். இதை டிரம்மின் குறை என்று நினைத்து டிஸ்க் போட்டாலும், ஹோஸ் அப்படியே இருந்தால் டிஸ்க்கும் இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

கடைசியில் அட்ஜஸ்ட்மென்ட். முதலில் ஷூ, பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிள். வரிசையை மாற்றிக் கேபிளை முதலில் இறுக்கினால் ஷூ முழுவதும் பின்வாங்க முடியாமல் நிற்கும். அப்புறம் எத்தனை முறை திருகினாலும் சரிவராது.

இவ்வளவையும் செய்த டிரம், சாதாரண ஓட்டத்துக்குப் போதுமானதைவிட நன்றாகவே பிடிக்கும். குறைகள் முழுவதும் போய்விடாது. ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது, அல்லது ஒரு பக்கமாக இழுக்கும். நீண்ட மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டும் பழக்கம் வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி மாதக்கணக்கில் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழி: நல்ல டிரம்

இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உள்ளே இரும்பு வளையம் வைத்து வெளியே துடுப்புகளோடு வார்த்த அலுமினிய டிரம்கள் சில பழைய மாடல்களுக்குக் கிடைக்கின்றன. சூட்டை வேகமாக வெளியேற்றும், எடையும் குறையும். அதே குடும்பத்தின் பெரிய மாடலில் வந்த அகலமான ஷூவும் டிரம்மும் நேராகப் பொருந்தும் கார்களும் உண்டு. லைனிங் வகையை மட்டும் மாற்றியே ஃபேட் தொல்லையைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். தோற்றம் மாறாது, ஹேண்ட்பிரேக் அப்படியே இருக்கும், பழையபடி திரும்பவும் எளிது. உங்கள் காருக்கு இப்படி ஒன்று கிடைத்தால், டிஸ்க் கிட்டைத் தேடும் முன் இதைப் பாருங்கள்.

டிஸ்க் போடுவது என்றால் என்னவெல்லாம் மாறும்

டிரம்முக்குத் தானே இறுகும் குணம் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே லீடிங் ஷூ இழுபட்டு இன்னும் பலமாக அழுந்தும். டிஸ்க்கில் அது இல்லை. எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கு நேர் விகிதத்தில்தான் பிடிக்கும். இதில் நன்மையும் உண்டு. லைனிங்கின் உராய்வு கொஞ்சம் மாறினால் டிரம்மின் பிடி அதைவிட அதிகமாக மாறும், அதனால்தான் ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை டிரம்மில் அதிகம். டிஸ்க் அந்த விஷயத்தில் சாது. ஆனால் அதே பிடியை எட்ட டிஸ்க்குக்கு நிறைய விசை வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. 230 மில்லிமீட்டர் டிரம், 19 மில்லிமீட்டர் வீல் சிலிண்டர், ஒரு லீடிங் ஷூ, ஒரு டிரெய்லிங் ஷூ. இதற்கு ஏறக்குறைய இணையான டிஸ்க் எது? பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 105 மில்லிமீட்டர் என்றால், காலிப்பர் (பேடுகளை அழுத்தும் பாகம்) பிஸ்டன் சுமார் 34 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிஸ்டனின் பரப்பு வீல் சிலிண்டரைவிட மூன்று மடங்குக்கு மேல். இது தோராயக் கணக்கு, லைனிங்கைப் பொறுத்து முன்பின் ஆகும். இரண்டு ஷூவும் ஒன்றையொன்று தள்ளி இறுக்கும் டுவோ சர்வோ டிரம்மாக இருந்தால் இன்னும் பெரிய பிஸ்டன் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை ஏன் போட வேண்டும்? கையில் கிடைத்தது ஏதோ ஒரு காரின் 43 மில்லிமீட்டர் காலிப்பர் என்று வையுங்கள். "பெரியதுதானே, நன்றாகப் பிடிக்கும்" என்று அதைப் பின்னால் மாட்டினால், பின்சக்கரத்தின் பிடி 34-ஐவிட 1.6 மடங்காகிவிடும். முன்னே சொன்ன 27 சதவீத எல்லையைத் தாண்டி, முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆனால் கார் நேராகச் சறுக்கும், ஸ்டீயரிங் வேலை செய்யாது. பயமாக இருக்கும், ஆனால் பெடலை விட்டால் சரியாகிவிடும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் சுழன்றுவிடும். ஈரச் சாலையில், வளைவில், நிதானிக்க நேரமே கிடைக்காது. பின் டிஸ்க் மாற்றத்தில் உயிரோடு விளையாடும் இடம் இதுதான்.

சரி, புரொப்போர்ஷனிங் வால்வு வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். பின் லைனில் வைக்கும் அந்த வால்வு, ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்பக்கம் போகும் அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கையால் திருகி மாற்றும் வகையும் உண்டு. சரியான காலிப்பரோடு நுணுக்கமாகச் சரிசெய்ய அது நல்ல கருவி. தவறான காலிப்பரைத் திருத்தும் மருந்து அல்ல. வால்வு வேலை செய்யத் தொடங்கும் அழுத்தத்துக்குக் கீழே, மழையில் மெதுவாகப் பிடிக்கும்போதெல்லாம், பெரிய காலிப்பர் முழு வேகத்தோடுதான் பிடிக்கும்.

பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பெரிய பிஸ்டனை நகர்த்த அதிக ஆயில் வேண்டும், பெடல் நீளமாகப் போகும். அதைக் குறைக்கப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால், உதாரணமாக 19.05 மில்லிமீட்டரிலிருந்து 22.2-க்குப் போனால், பரப்பு 1.36 மடங்கு ஆகும். பெடல் ஓட்டம் குறையும்; ஆனால் அதே காலால் கிடைக்கும் அழுத்தமும் 27 சதவீதம் குறையும். சர்வோ (காலின் விசையைக் கூட்டித்தரும் கருவி) இல்லாத காரில் கால் வலிக்கும். சர்வோ சேர்த்தால் அதற்கு இடம், வேக்யூம் குழாய் என்று வேலை நீண்டுகொண்டே போகும். "பின்னால் ரெண்டு டிஸ்க் மட்டும்" என்று தொடங்கிய வேலை பானெட்டுக்குள் நுழைவது இப்படித்தான்.

பல டிரம் கார்களின் மாஸ்டர் சிலிண்டர் வாயில் ரெசிடுவல் வால்வு என்று ஒன்று இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் மடங்காமல் இருக்க, லைனில் 10 பிஎஸ்ஐ போல ஓர் அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். ஷூவுக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் இருப்பதால் டிரம்மில் அது தொல்லை தராது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. பேட் டிஸ்க்கோடு உரசியபடியே இருக்கும், சூடேறும், கடைசியில் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். டிஸ்க் மாற்றியதும் சக்கரம் கொதிக்கிறது என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக, காரின் தளத்துக்கு அடியில் இருக்கும் கார்களில் மட்டும் ஆயில் பின்னோக்கி வடியாமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு தேவைப்படும்.

அடுத்து ஆக்சில். சில பின் ஆக்சில்களில் ஷாஃப்ட் உள்ளும் வெளியும் சற்றே ஆடும். சி கிளிப் வைத்த ஆக்சில்களில் இது இயல்பு. டிரம்முக்கு அந்த ஆட்டம் பொருட்டே இல்லை. டிஸ்க்கில், வளைவில் திரும்பும்போது டிஸ்க் நகர்ந்து பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதாளத்துக்குப் போகும். இருபுறமும் பிஸ்டன் வைத்த நிலையான காலிப்பரில் இது மோசம். நகரும் வகைக் காலிப்பர் ஓரளவு தாங்கும். கிட் விற்பவர் காட்டும் பளபளப்பான நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பார்த்து மயங்கும் முன் உங்கள் ஆக்சிலின் ஆட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

வீல் பொருந்துமா என்பது சின்ன விஷயம், ஆனால் மறந்தால் பெரிய விஷயம். 13 அங்குல வீலுக்குள் காலிப்பர் நுழையாமல் போகலாம். டிஸ்க்கின் தடிமன் வீலை வெளியே தள்ளி ஃபெண்டரில் டயர் உரசலாம்.

ஹேண்ட்பிரேக்

இந்த ஒப்பீட்டில் டிரம் தெளிவாக ஜெயிக்கும் இடம் இது. பின் டிஸ்க் போட்டவர்களிடம் கேட்டால் முதலில் வரும் புலம்பலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதே 1,000 கிலோ காரை 20 சதவீதச் சரிவில் பின் ஹேண்ட்பிரேக்கால் நிறுத்தி வைக்க வேண்டும் என்று வையுங்கள். நாம் மேலே பார்த்த அளவுகளில், ஒவ்வொரு டிரம்மிலும் ஷூவின் முனையில் சுமார் 110 கிலோ அளவு விசை போதும். டிஸ்க்கில் பேடை அழுத்த சுமார் 370 கிலோ வேண்டும். இழுப்பது அதே கை, அதே லீவர், அதே கேபிள். காலிப்பரில் உள்ள நெம்புகோலும் திருகும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும். பழைய காரின் லீவர் ஓட்டம் அதற்கு ஏற்றபடி இல்லையென்றால் ஈடுகட்டாது.

சூட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூடான டிஸ்க்கோடு காரைச் சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டால், டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். கொஞ்ச நேரம் கழித்து கார் தானாக நகர்ந்துவிடலாம். டிரம் நேர்மாறு: ஆறும்போது சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். டிஸ்க் மாற்றிய காரைச் சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிஸ்க்கில் ஹேண்ட்பிரேக்குக்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. காலிப்பருக்குள்ளேயே திருகு வைத்தது. இதில் பேட் மாற்றும்போது பிஸ்டனை அழுத்தக் கூடாது, சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அடிக்கடி ஓடாத காரில் இந்தத் திருகும் லீவரும் துருவேறி இறுகிப்போகும். இரண்டாவது, ஹேண்ட்பிரேக்குக்கென்று தனியாக ஒரு சிறு காலிப்பர். ஜாகுவார் இ டைப்பில் இந்த வகை. மூன்றாவது, டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஒரு சின்ன டிரம். போர்ஷே 911-இல் இருப்பது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் டிஸ்க்குக்கு மாற ஆசைப்பட்டுக் கடைசியில் டிரம்மிடமே உதவி கேட்டு வந்து நிற்கிறோம் என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஹேண்ட்பிரேக்கே இல்லாத கிட்டுகளும் விற்பனைக்கு இருக்கின்றன. சாலையில் ஓடும் காருக்கு அது பேச்சுக்கே இடமில்லை.

எங்கிருந்து எடுப்பது?

டிஸ்க்தான் என்று முடிவெடுத்தால், அதே கம்பெனி பின்னாளில் அதே மாடலுக்கோ அதன் உறவுக்கார மாடலுக்கோ டிஸ்க் வைத்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மெர்சிடிஸ் 230எஸ்எல் பின் டிரம்மோடு வந்தது; அடுத்து வந்த 250எஸ்எல்லுக்கு டிஸ்க் கிடைத்தது. இப்படிப்பட்ட குடும்பங்களில் பிஸ்டன் அளவு, மாஸ்டர் சிலிண்டர், வால்வு, கேபிள் எல்லாவற்றையும் கம்பெனியே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கும். முழு செட்டாக எடுத்தால்தான் அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும். காலிப்பரை மட்டும் எடுத்தால் கணக்கு கம்பெனியோடு போய்விடும்.

கிட் வாங்கினால் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில: பிஸ்டன் விட்டம் என்ன, எந்த முன் பிரேக்குக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தது, எந்த மாஸ்டர் சிலிண்டர் வேண்டும், ஹேண்ட்பிரேக் கேபிள் சேர்த்தா, தேயும் பாகங்கள் எந்த உற்பத்திக் காருடையவை. கடைசிக் கேள்வி முக்கியம். கிட் செய்யும் கடை மூடிவிட்டாலும் பேடும் டிஸ்க்கும் கிடைக்க வேண்டும். பிராக்கெட்டை வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மாட்ட முடிந்தால் நல்லது. பழைய டிரம்மைத் திரும்ப வைக்க முடியும். வண்டியின் பிரேக்கை மாற்றினால் பதிவு, காப்பீடு, பழைய கார் போட்டி விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் வேலைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது

எஞ்சினை மாற்றி சக்தியைக் கூட்டியவர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள், சுமையோடு மலைப்பாதையில் அடிக்கடி இறங்குபவர்கள், அடிக்கடி தண்ணீரில் இறங்க வேண்டியவர்கள்: இவர்களுக்கு டிஸ்க் நியாயமான தேர்வு. டிரம் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்துவிட்டது, புது டிரம் எங்கும் கிடைக்கவில்லை என்றாலும் டிஸ்க்தான் வழி. என் பார்வையில் எல்லாவற்றையும்விட வலுவான காரணம் இதுதான்.

முன்னாலும் டிரம் உள்ள காராக இருந்தால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். முன்னால் டிஸ்க் போடுங்கள், மாற்றம் உடனே தெரியும். ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள கார் என்றால் அதற்கும் முன்னால் இரட்டை சர்க்யூட்டுக்கு மாறுங்கள். 1960-களின் பிற்பாதிக்கு முந்தைய பல கார்களில் ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பின்னால் எவ்வளவு அழகான டிஸ்க் இருந்தாலும் அப்போது உதவாது. பழைய டயரும் இதே வரிசையில் வரும். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருந்தால் பிடி இருக்காது. பிரேக் ஆயில் மாற்றுவதற்கு ஆகும் செலவு இவற்றில் மிகக் குறைவு. டாட் 4 ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரையறை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. பல வருடம் மாற்றாத ஆயிலோடு ஃபேட் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஒன்று மட்டும் கவனம்: சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது.

அழகுக்காக டிஸ்க் போடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஸ்போக் வீலுக்குள் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். பிரேக் மேம்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஆளில்லாத, அகலமான, சமமான ஓர் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். லைனிங்கோ பேடோ முதலில் பதிய வேண்டும்; மிதமான வேகத்தில் பலமுறை பிடித்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினால் பதியும். பிறகு குறைந்த வேகத்தில், தரை நனைந்திருக்கும்போது பலமாக மிதித்து, எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று வெளியே தள்ளி நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் முதலில் லாக் ஆக வேண்டும். காய்ந்த தரையிலும், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இதையே பாருங்கள். அழுத்தம் கூடக்கூடப் பின்பக்கத்தில் மிஞ்சும் எடை குறையும் என்பதால் ஈரத்தில் சரியாக இருந்த கார் காய்ந்த தரையில் மாறி நடக்கலாம். பின்சக்கரம் முந்தினால் புரொப்போர்ஷனிங் வால்வைத் திருகிப் பின்பக்க அழுத்தத்தைக் குறையுங்கள். முழுவதும் குறைத்த பிறகும் பின்சக்கரமே முந்தினால் வால்வோடு போராட வேண்டாம். காலிப்பரைக் கழற்றி, சிறிய பிஸ்டன் உள்ளதாகப் பார்த்து மாற்றுங்கள்.